கூடமும் ஆட்டமும்

‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தைப் பழிப்பவரை இஃது எள்ளி நகையாடுகின்றது. ஆயினும், கூடம் மெய்யாகவே கோணலாக இருப்பதும் உண்டு. அப்போது குற்றம் ஆடுபவளிடத்ததா, கூடத்தினிடத்ததா என்று எங்ஙனம் துணிவது? கம்பியில்லாக் கருவிகளைச் சோதிப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இதுவே.

அணையின் நீர்மட்டத்தைக் காவலருக்கு அறிவிக்கும் கருவிகளைச் செய்யும் பணிமனை ஒன்று உண்டு. அக்கருவிகளின் உயிர்நாடி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளால் செய்தி விடுக்கும் மின்சுற்றுப் பலகையாகும். சோதனைப் பணியில் புதிதாய் அமர்ந்த இளைஞர் ஒருவர், பலகைகளில் ஆன்டெனாவைப் பூட்டிக் கூடத்தின் இரு கோடிகளிலும் வைத்து ஆராய்ந்தார். காலையில் தேறிய பலகை மாலையில் தவறியது. தவறிய பலகையோ தேறியது. மேசையை நான்கு விரற்கடை நகர்த்தினாலும் முடிவு மாறியது.

“ஐயா, இப்பலகைகளை நம்புவதற்கில்லை” என்று மூத்த பொறியாளரிடம் அவர் முறையிட்டார்.

“தம்பி, பலகையைப் பழியாதே. முதலில் இடையிலுள்ள வெளியை விலக்கிப் பார்” என்றார் பெரியவர்.

அவர் கூற்றில் பொருள் இருந்தது. அலைகள் நேரே செல்வதோடு அமைவதில்லை. சுவரிலும் இரும்புப் பேழையிலும் மோதி மீள்கின்றன. நேர் அலையும் மீண்ட அலையும் ஓரிடத்தில் கூடி வலுக்கும்; மற்றோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டரே, ஆதலின் சிறு நகர்வும் பெரு மாறுதலை விளைக்கும். மேலும், அண்டை அறைகளின் வைஃபை கருவிகளும் நுண்ணலை அடுப்பும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும்.

பெரியவர் ஆன்டெனாக்களைக் கழற்றினார். இரு பலகைகளையும் 50 ஓம் ஓரச்சு வடத்தால் இணைத்தார். ஆனால், நேரே இணைக்கவில்லை. காதருகே முரசறைந்தால் செவி கெடுமன்றோ? அதுபோல, வலிய அலை நேரே பாய்ந்தால் வாங்கும் பலகை திணறும், பழுதுபடவும் கூடும். எனவே, வடத்தின் இடையே தணிப்பிகளைப் பொருத்தினார். 30 டெசிபல் தணிப்பி ஆயிரத்தில் ஒரு பங்கையே செல்லவிடும். 20 டெசிபல் தணிப்பி நூற்றில் ஒரு பங்கை விடும். முன்னது இரண்டும் பின்னது ஒன்றும் சேர்ந்தால் 80 டெசிபல். அஃதாவது, பத்துக் கோடியில் ஒரு பங்கு. திறந்த வெளியில் 100 மீட்டர் கடந்த இவ்வலை, எத்திசையும் ஒப்பப் பரப்பும் ஆன்டெனாக்களிடையே அடையும் தேய்வும் ஏறத்தாழ அதுவே. இன்னும் 6 டெசிபல் கூட்டினால் தொலைவை இரட்டித்தவாறாகும். நாற்காலியை விட்டு எழாமலே நெடுந்தொலைவை அளக்கலாம்!

மற்றொன்றும் அவர் மறக்கவில்லை. பலகையின் உடலிலிருந்தும் அலை கசியும். ஆகவே, ஒவ்வொரு பலகையையும் தனித்தனி உலோகப் பெட்டியில் அடைத்தார். பிறகு வடத்தை நீக்கி, இரு முனைகளையும் 50 ஓம் முடிப்பிகளால் மூடிப் பார்த்தார். செய்தி முற்றும் நின்றது. கசிவு இல்லை என்பது தெளிவாயிற்று.

மறுநாள் இளைஞர் எல்லாப் பலகைகளையும் இம்முறையில் ஆராய்ந்தார். அவர் தள்ளியவற்றுள் பல நல்லவை. தேறியவை என்று வைத்தவற்றுள் ஒன்று பழுதுடையது. அஃது அணைக்குச் சென்றிருந்தால், வெள்ளம் பெருகும் மழையிரவில் ஊமையாய் நின்றிருக்கும். அவர் நெஞ்சம் நடுங்கிற்று.

“இனி ஆன்டெனா சோதனை வேண்டாவோ, ஐயா?” என்றார் இளைஞர்.

“வேண்டும், தம்பி. வடம் பலகையின் திறத்தை மட்டுமே சொல்லும். ஆன்டெனாவின் திறத்தைச் சொல்லாது. அதனை அலைகளை உறிஞ்சும் சுவர்களையுடைய அறையில் ஆராய வேண்டும். இறுதியில் அணைக்கரையிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும்” என்றார் பெரியவர்.

ஆடுபவளை நேரிய கூடத்தில் ஆடச் செய்து காண்க. கூடத்தையும் நூல் பிடித்து அளந்து காண்க. இரண்டையும் தனித்தனியே அறிந்தபின் ஒருசேர வைத்துக் காண்க. அதுவரை எவர்மீதும் பழி சுமத்தாதிருத்தலே நடுவுநிலைமை. அது கருவிகளுக்கு மட்டுமன்று, மக்களுக்கும் பொருந்தும்.