இனிமைக்குள் இருக்கும் இருள்

மெட்டல் இசை என்றாலே கூச்சல்தான் என்று ஒதுங்குபவர்களிடம், நார்வேயின் உல்வர் குழு 1995இல் வெளியிட்ட முதல் ஆல்பமான 'பெர்க்டாட்'டைக் கேட்கச் சொல்வேன். முப்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதன் பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

நார்வே கிராமங்களில் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. மலைக்குள் வாழும் பூதங்கள் மனிதர்களை மயக்கி உள்ளே கொண்டுபோய்விடும். அவர்களை மீட்க ஊரார் தேவாலய மணியை அடிப்பார்கள். அப்படிப் போன ஒரு பெண்ணின் கதைதான் இந்த ஆல்பம். பழைய டேனிஷ் சாயல் கொண்ட நடையில், ஐந்து அத்தியாயங்களாக விரிகிறது.

தேவாலயங்கள் எரிக்கப்பட்ட செய்திகளோடு நார்வேயின் பிளாக் மெட்டல் என்ற மெட்டல் வகை உலகுக்கு அறிமுகமாகிக்கொண்டிருந்த காலம் அது. சீறும் கிதார், மூச்சுவிடாத டிரம், தொண்டை கிழியும் அலறல் எல்லாம் உல்வரிடமும் உண்டு. ஆனால் இருபது வயதுகூட நிறையாத பாடகர் கிறிஸ்டோஃபர் ரிக், மடத்துத் துறவிகள் ஓதுவதுபோல அடுக்கடுக்கான குரல்களில் அமைதியாகப் பாடித்தான் கதையைத் தொடங்குகிறார். இரண்டாம் அத்தியாயத்தில் புல்லாங்குழல் வருகிறது. மூன்றாவதில் இரைச்சல் சட்டென்று அடங்கி, பியானோவும் காட்டில் நடக்கும் காலடி ஓசையும் மட்டும் கேட்கின்றன.

நாட்டார் இசையை அழகுக்காகச் சேர்த்துக்கொண்ட மெட்டல் குழுக்கள் பல. உல்வரிடம் அதுதான் கதையையே நடத்துகிறது. பூதம் அலறிக்கொண்டு வந்திருந்தால் அந்தப் பெண் ஓடித் தப்பியிருப்பாள். அது கனிவாக அழைக்கிறது. நான்காம் அத்தியாயம் முழுக்க அக்கூஸ்டிக் கிதாரும் தணிந்த குரலும்தான். கேட்கிற நாமும் அங்கேதான் ஆசுவாசம் கொள்கிறோம். ஆனால் அவளை இழுக்கும் குரலே அதுதான். அடுத்த அத்தியாயத்தில் மலை அவளை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அந்த மென்மைக்கு நாமும் இணங்கியிருந்தோம் என்று உணரும்போதுதான் உண்மையான அச்சம் பிடிக்கிறது.

பிறகு உல்வர் மென்மையையும் மூர்க்கத்தையும் பிரித்தது. 1996இல் வந்த ஆல்பம் முழுக்க அக்கூஸ்டிக். 1997இல் வந்தது முழுக்க மூர்க்கம். இரண்டையும் விரும்பிக் கேட்கிறேன். ஆனாலும் என் மனம் முதல் ஆல்பத்தின் பக்கம்தான். தீமை பெரும்பாலும் இனிய குரலில்தான் பேசும் என்பது பழங்கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவைச் சொல்லால் விளக்காமல் இசையாகவே நமக்குள் இறக்கிய சிறுவர்களை நான் பெரிய கலைஞர்கள் என்பேன்.