நகரம் எவ்வளவு பெரியது?

சென்னையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், கோலாலம்பூரில் சுற்றுலாப் பட்டியலொன்றில் 'தாமான் நெகாரா' என்ற பெயரைப் பார்த்தார். நெகாரா, நகரம்தானே என்று கிளம்பிவிட்டார். பேருந்திலும் படகிலுமாகப் போய் இறங்கிய இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மரங்கள். பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த மழைக்காடு.

"நெகாரான்னா நாடும்மா. தாமான்னா பூங்கா" என்றார் தமிழ் வழிகாட்டி. தேசியப் பூங்கா!

அதன்பின் அந்தச் சொல் எங்கும் கண்ணில் பட்டது. மைய வங்கி, பேங்க் நெகாரா. 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசல், மஸ்ஜித் நெகாரா. தெற்கே சிரம்பானுக்கு ரயிலேறியபோது சொல் சற்றுச் சுருங்கியது. அந்த மாநிலத்தின் பெயர் நெகிரி செம்பிலான், 'ஒன்பது நெகிரி'. 'நகரி' என்ற வடமொழி வடிவம் மலேசியாவில் மாநிலமாகிவிட்டிருந்தது.

அங்கே குடியேறிய மினாங்கபாவ் மக்களின் தாயகம் கடலுக்கு அப்பால், மேற்குச் சுமத்ரா. ஆசிரியை அங்கும் போனார். எருமைக்கொம்பு போல முனை உயர்ந்த கூரைகள், சுற்றிலும் நெல்வயல். அங்கே 'நகாரி' என்றால் கிராமம். தனக்கென்று மன்றமும் பள்ளிவாசலும் வழக்காறும் கொண்ட தன்னாட்சி ஊர் அது. பூர்விக வீடும் வயலும் தாய்வழியில் பெண்களுக்கே போகும். 1979இல் வந்த சட்டம் இந்தோனேசியா முழுவதற்கும் 'தேசா' என்ற ஒரே கிராம அமைப்பை விதித்தது. நம் 'தேசம்' அங்கே சிற்றூர்! நகாரி கலைக்கப்பட்டது. ஆனால் அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி முடிந்து அதிகாரம் பரவலாக்கப்பட்டதும், மினாங்கபாவ் மக்கள் தங்கள் நகாரியை மீட்டுக்கொண்டார்கள்.

அடுத்துப் போன தாய்லாந்தில் சொல் மறுபடி நகரமானது. 'நக்கோன் பதோம்' என்றால் முதல் நகரம், நகரப் பிரதமம். தாய் எழுத்தில் 'நக்கோன்' என்ற சொல் 'ர'வில்தான் முடிகிறது, வாயில் 'ன்' ஆகிறது.

கம்போடியாவில் அதே சொல் 'நொக்கோர்'. அதன் திரிபே அங்கோர். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு, வேர்கள் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும் தா புரோம் கோயிலின் முன் அவர் வெகுநேரம் நின்றார். நகரம் தேடிப் போய்க் காட்டைக் கண்டவர், இங்கே காட்டுக்குள் நகரத்தைக் கண்டார்.

திரும்பும் விமானத்தில் தமிழையே நினைத்துக்கொண்டு வந்தார். சங்கப் பாடல்களில் நகர் என்பது மாளிகை, கோயில். சோழர் கல்வெட்டுகளில் நகரம் என்பது வணிகர் அவை. நகரத்தார் என்ற பெயரில் அந்தப் பொருளின் சாயல் இன்னும் இருக்கிறது.

சென்னையில் இறங்கி ஆட்டோ பிடித்தார். "எந்த நகர்மா?" என்று கேட்டார் ஓட்டுநர். நான்கே தெருக்கள் உள்ள தன் நகரின் பெயரைச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார் ஆசிரியை.