ஒரு புள்ளியும் பிசகாமல்

பிபிசி மைக்ரோ கணினியின் பயனர் கையேட்டை எழுதியவர் ஜான் கோல், பதிப்பித்தவர் டேவிட் ஆலன். 1982இல் வந்த புத்தகம், ஏறக்குறைய 500 பக்கம், சுருள் கட்டு. கணினிக்குப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு இரு கைகளாலும் தட்டச்சு செய்யலாம், மூடிக்கொள்ளாது. அந்த வசதிதான் இன்று அதற்கு எமனாகியிருக்கிறது. புரட்டப் புரட்டத் துளைகள் கிழிந்து, முன்னும் பின்னும் உள்ள தாள்கள் முதலில் உதிர்ந்துபோகின்றன.

அந்தக் கணினியைச் செய்த ஏகார்ன் நிறுவனம் இருந்த ஊர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். அதே ஊரில், ஒரு வீட்டு மாடியறையில், இந்தக் கையேட்டை எழுத்து எழுத்தாக மறுபடி கோத்துக்கொண்டிருக்கும் இருவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஒருவர் ஒளியச்சுக்கோப்பு இயந்திரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் வரைகலை செய்யும் பெண். பெயர் போட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள்.

ஸ்கேன் செய்த படமே கிடைக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. பழைய ஸ்கேன் ஒன்றைத் திரையில் திறந்து, இரண்டு விடைகளை அச்சிடும் ஒரு நிரல் வரியைப் பெரிதாக்கினார். "இது அரைப்புள்ளியா, முக்காற்புள்ளியா, சொல்லுங்கள்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அரைப்புள்ளி என்றால் இரண்டு விடைகளும் ஒட்டி அச்சாகும். முக்காற்புள்ளி என்றால் அங்கே ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கணினி எடுத்துக்கொண்டு, புரியாமல் 'மிஸ்டேக்' என்று சொல்லி நின்றுவிடும். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளுக்குப் பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும் ஒன்றுதான். எண் ஒன்றும் சிறிய 'எல்'லும் அப்படித்தான். உரைநடையில் ஒரு எழுத்து தவறினால் வாசகர் திருத்திக்கொண்டு படிப்பார். நிரலில் ஒரு எழுத்து போனால் எல்லாமே போச்சு. அதனால் இவர்கள் புதிதாகக் கோத்த பக்கத்தை அச்சிட்டு, அதைப் பார்த்து ஒவ்வொரு நிரலையும் அசல் கணினியில் தட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓடினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று கணக்கு.

எழுத்துருக்களின் கதை இன்னும் ஆழம். இந்தக் கணினியைப் போட்டதும் வருவது ஏழாம் மோடு என்ற திரைமுறை: வரிக்கு 40 எழுத்து, 25 வரி. அந்த எழுத்துகளை வரைவது மல்லார்டு நிறுவனத்தின் எஸ்ஏஏ5050 என்ற சில்லு. தொலைக்காட்சியில் எழுத்துச் செய்தி காட்டும் டெலிடெக்ஸ்டுக்காகச் செய்யப்பட்டது. ஐந்துக்கு ஒன்பது புள்ளிக் கட்டத்தில் எழுத்தை வைத்திருக்கும். சாய்வாக இரண்டு புள்ளிகள் தொடும் இடத்தில் பாதி அளவுப் புள்ளிகளைச் சேர்த்து வளைவை மழமழப்பாக்கும். மற்ற மோடுகளின் எழுத்துகள் கணினியின் சொந்த ரோம் நினைவகத்தில் உள்ளவை, எட்டுக்கு எட்டுக் கட்டம். ஆக, இரண்டும் வேறு வேறு எழுத்துரு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. பேசிக் மொழிக்குள் அசெம்பிளி நிரலைத் தொடங்க இடது சதுர அடைப்பு போட வேண்டும். ஏழாம் மோடில் அந்த அடைப்புக்குறி திரையில் இடது அம்பாகத் தெரியும். வலது அடைப்பு வலது அம்பாகும். கையேட்டில் ஓரிடத்தில் அடைப்பும் இன்னோரிடத்தில் அம்பும் இருந்தால் அச்சுப்பிழை என்று ஒருமைப்படுத்திவிடக் கூடாது. எந்த மோடில் அந்தத் திரை காட்டப்படுகிறது என்று தெரிந்தவர்தான் அதைத் தொடலாம்.

புள்ளி எல்லாம் சதுரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. பூஜ்ய மோடில் குறுக்கே 640, நெடுக்கே 256. அங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒடுங்கி உயர்ந்தது. இன்றைய திரையின் சதுரப் புள்ளியில் அப்படியே வைத்தால் எழுத்து நசுங்கிவிடும். அந்தப் பெண் ஒவ்வொரு மோடுக்கும் தனி அளவு வைத்திருக்கிறார். கோட்டோவியங்களிலும் இதே கண்டிப்புதான். அக்காலத்தில் நுண்பேனாக்களால் வரைந்தார்கள். 0.25, 0.35, 0.5 மில்லிமீட்டர் என்று பேனாவுக்குத் தடிமன் உண்டு. அவர் கோட்டை உருப்பெருக்கியில் அளந்து, அது எந்தப் பேனா என்று முடிவுசெய்த பிறகே கணினியில் வரைகிறார்.

பெயர் ஒன்றாக இருந்தால் எழுத்துருவும் ஒன்றுதான் என்று நம்புவது இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து. கூரியர் எழுத்துரு ஐபிஎம் தட்டச்சுப்பொறிக்காக 1950களில் உருவானது. பிற்பாடு வந்த கூரியர் நியூ, செலக்ட்ரிக் தட்டச்சுப்பொறியின் எழுத்துருண்டையில் இருந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. நாடாவின் மை தாளில் கசிந்து எழுத்து பருக்கும் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. அதனால்தான் அந்த எழுத்து அத்தனை மெலிவு. "நாம் மீட்க வேண்டியது தாளில் விழுந்த எழுத்தை, உலோகத்தில் இருந்ததை அல்ல" என்றார் பெரியவர்.

இந்த வேலைக்கு மதிப்பான முன்னோடி உண்டு. 1979இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், ஜோ காண்டன், பிரையன் கெர்னிகன் மூவரும் லினோட்ரான் 202 என்ற அச்சுக்கோப்பு இயந்திரத்தின் உள்ளமைப்பைத் தாங்களே துருவிக் கண்டறிந்தார்கள், பிறகு அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டேவிட் பிரெய்ல்ஸ்ஃபோர்டும் அவருடைய சகாவும் கெர்னிகனோடு சேர்ந்து, மங்கலான ஸ்கேனிலிருந்து அதை மறுபடி கட்டியெழுப்பினார்கள். தாம்சன் அந்த இயந்திரத்துக்காக உருவாக்கிய சதுரங்கக் காய் எழுத்துருவையும் மீட்டார்கள். 2013இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

நான் இருந்தபோது இருவருக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. மூலத்தில் ஒரு தெளிவான எழுத்துப்பிழை. திருத்தலாம் என்றார் அந்தப் பெண், படிக்கிறவர் ஏன் தடுமாற வேண்டும் என்று. கூடாது என்றார் பெரியவர். கடைசியில் பிழை பக்கத்தில் அப்படியே இருக்கட்டும், திருத்தம் பின்னிணைப்பில் வரட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு என்பேன். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே.சா. பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தது எதற்காகவோ, அதற்காகவேதான் இதுவும். பிழையையும் பார்த்தால்தான் அந்தக் காலத்துப் பயனர் எங்கே சிக்கினார் என்று தெரியும். வரி முறியும் இடத்தையும் பக்க எண்ணையும் இவர்கள் மாற்றாததற்கும் காரணம் உண்டு. மாற்றினால், இந்தக் கையேட்டின் பக்க எண்ணைச் சுட்டும் மற்ற நூல்களும் கட்டுரைகளும் திசை கெட்டுப்போகும்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1984இல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்துக்கு வந்தது இதே பிபிசி மைக்ரோதான். அதில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் வீட்டிலோ, பழைய பள்ளி ஆய்வகத்தின் பீரோவிலோ அக்காலக் கையேடு, பயிற்சித்தாள், சுற்றறிக்கை எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சுருளைப் பிரிக்காதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். அட்டை, வெற்றுப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் வண்ணத்தில், அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், ஓரத்தை வெட்டாமல் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்தை மீட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியது தாள்.