முழுப் பட்டியலையும் கேளுங்கள்

கெலிஓயாவில் உள்ள எங்கள் நிலையத்துக்கு ஒரு பழைய கணினி அன்பளிப்பாகக் கிடைத்தது. 32 பிட் இயந்திரம், நினைவகமும் குறைவு. புதிய விண்டோஸ் அதில் ஓடாது. பேராதனையில் பொறியியல் படிக்கும் அயல்வீட்டுத் தங்கச்சி, "தேவையானதை மட்டும் வைத்து ஒரு சின்ன லினக்ஸ் செய்து தாறேன் அக்கா" என்றாள்.

நான் படித்தது சமூகவியல். பக்கத்தில் இருந்து பார்த்தேன். கேர்னலும் பிசிபொக்ஸும் போட்டதும் கணினி இயங்கத் தொடங்கியது. எங்களிடம் வரும் பெண்களின் விபரங்களைப் பதிவதற்காக, வேறொரு 32 பிட் லினக்ஸ் கணினியிலிருந்து நேனோ என்ற எழுதும் மென்பொருளைப் பிரதி செய்து போட்டாள். ஓடவிட்டால், "அப்படியொரு கோப்பு இல்லை" என்றது. பார்த்தால் கோப்பு கண்முன்னே இருக்கிறது!

"நேனோ இருக்கு அக்கா. அதைத் தொடக்கிவிடுகிற கோப்புத்தான் இல்லை. அதைச் சொல்லாமல் இப்படிச் சொல்லுது" என்றாள்.

நாலு வீட்டுக்கு ஒரு கிணறு இருப்பதுபோல, பல மென்பொருள்கள் பொதுவாகப் பாவிக்கும் கோப்புகள் உண்டு. பகிர்வு நூலகம் என்பார்கள். தொடக்கிவிடும் கோப்பைப் போட்டதும் ஒரு நூலகத்தின் பெயரைச் சொல்லி, அது இல்லை என்றது. அதைப் போட, இன்னொன்று. பிறகு மற்றொன்று.

எனக்கு ஒரு சகோதரியின் நினைவு வந்தது. 1977 கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். 2009க்குப் பின் பிள்ளைகளோடு திரும்பி வந்தார், கணவர் வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க அவருக்கு மனமில்லை. காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறும் வழி 2016 முதல் சட்டத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு போனவரிடம் ஓர் அலுவலகத்தில், "இது சரிவராது" என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த முறை விவாகச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கடுத்த முறை கிராம சேவகரின் கடிதம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது.

தங்கச்சி தலையில் கைவைத்தாள். "முதலே பட்டியலை எடுத்திருக்கலாம்." பிரதி எடுத்த கணினியில் எல்டிடி என்று அடித்து நேனோவின் பெயரைக் கொடுத்தாள். அது கேட்கும் நூலகங்கள் அத்தனையும், இருக்கும் இடங்களோடு வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் அதே இடங்களில் போட்டாள். அப்போதும் திரை பற்றிய ஒரு தரவுக் கோப்பு குறைந்தது. அது நூலகம் அல்ல என்பதால் பட்டியலில் வரவில்லை. அதையும் போட, நேனோ திறந்தது.

சகோதரிகளே, எந்த அலுவலகத்துக்கும் முதல் நாள் போகும்போதே, "என்னென்ன கடதாசி வேண்டும்? எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். "வேறு ஏதும் உண்டா?" என்று இன்னொரு முறையும் கேளுங்கள். "இல்லை" என்று சொன்னால், எது இல்லை என்று கேட்பது உங்கள் உரிமை.

அந்தச் சகோதரியின் விபரத்தைத்தான் முதலில் பதிந்தோம். அவரோடு நாலாவது முறை நானும் போகிறேன். இம்முறை பட்டியலோடுதான் திரும்புவோம்.