மணிக்கூடு போடும் புள்ளி

சோனாப்பூர் எண்டால் இந்தியில் தங்க ஊர். துபாய் அரசாங்கக் கணக்கில் அது முகைஸ்னா இரண்டு. ஐரோப்பாவில் அகதியாய் வந்து சேர முதல் இரண்டு வருசம் அங்கே ஒரு கேம்பில், இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தெழும்பினவன் நான். இப்ப தம்பி முறையான பெடியன் ஒருவன் அங்கே இருந்து கம்பி கட்டப் போறான். போன மாதம் புது மணிக்கூடு வாங்கியிருக்கிறான். இதயத்துடிப்போடு மன அழுத்தத்துக்கும் நூற்றுக்கு எத்தனை எண்டு அது புள்ளி போடுமாம்.

"அண்ணை, மத்தியான இடைவேளையில சும்மா இருக்கேக்க 80 காட்டுது. ஊரில இருந்து வட்டிக்காரன் போன் எடுத்த இரவு 22. இதென்ன கணக்கு?"

கணக்கு இதுதான் பாருங்கோ. மணிக்கூட்டின் அடியில் எரியும் பச்சை வெளிச்சம், தோலுக்குக் கீழே இரத்தம் கூடிக் குறைவதைப் பார்த்துத் துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளக்கிறது. அந்த இடைவெளி மாறி மாறி வந்தால் உடம்பு ஆறுதலாக இருக்குதாம்; மாற்றம் குறைந்தால் அழுத்தமாம். ஆனால் வெயில், காய்ச்சல், நித்திரையின்மை எல்லாம் அதே இடைவெளியில்தான் கை வைக்கும். பயமும் வெயிலும் மணிக்கூட்டுக்கு ஒண்டுதான். களைச்சு அசையாமல் கிடக்கிற உடம்பு அதுக்கு ஆறுதலாகத் தெரியும். உள்ளே மனம் எரிவது தெரியாது.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 800 மாணவர்களுக்கு கார்மின் மணிக்கூடு கட்டிப் பார்த்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் தாங்களே சொன்ன மன அழுத்தத்துக்கும் மணிக்கூட்டின் புள்ளிக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை.

அதுக்காகத் தூக்கி எறியச் சொல்லேல்லை. வெயிலில் வேலை செய்தவன் நிழலில் இருந்தும் துடிப்பு இறங்கேல்லை எண்டால் அது ஆபத்துக் குறி. கட்டாரில் 2009 முதல் 2017 வரை 571 நேபாளத் தொழிலாளர்கள் இதய நோயால் செத்தார்கள். வெப்பத்திலிருந்து ஒழுங்காகப் பாதுகாத்திருந்தால் அதில் 200 பேர் வரை தப்பியிருக்கலாம் எண்டது 2019இல் வந்த ஆய்வு. எமிரேட்சில் யூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. மூன்று மணிக்குப் பிறகு அடிக்கிறதும் வெயில்தானே.

என் பயம் வேற. நாளைக்கு ஒரு முதலாளி, "உனக்கு 22 தானே, என்ன கவலை?" எண்டு கேட்டால்? துடிப்பை மணிக்கூட்டிடம் கேளுங்கோ. கடனையும் வராத சம்பளத்தையும் அந்தப் பெடியனிடம்தான் கேட்கவேணும்.