பொட்டி யாருது

செருப்பு அலமாரிக்கு மேலே, ஃபைபர் வந்து முடிகிற அந்த வெள்ளைப் பெட்டி, மே மாதப் புழுக்கத்தில் தொட்டால் கை சுடுகிற அளவுக்குக் காய்ந்துபோய், தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வேகிற ஒரு வாசனையை விட ஆரம்பித்தது, செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மதியம் முழுக்க அதுதான் வாசனை, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக வேறு மோடம் வாங்குங்கள் அப்பா, படுக்கையறைக்கு வைஃபை எட்டவே மாட்டேன் என்கிறது என்று மகன் மூக்கைச் சுளித்தான், எனக்கு அந்த வாசனை அவ்வளவு கெட்டதாகப் படவில்லை, நெடுநாள் பழகிய யாரோ பக்கத்தில் வந்து நிற்பது போலிருந்தது, அலமாரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் தாத்தாவின் கோலி, ஒற்றை அறை வீடு, இருந்தது, திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கென்று பம்பாய்க்கு வந்தவர்களில் அவரும் ஒருவர், சுண்ணாம்புக் குழியும் பட்டையும் கடுக்காயும் ஊறிய கை, சன்லைட் சோப்புப் போட்டாலும் போகாது, அந்தக் கையை வேட்டியில் அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் வால்வு ரேடியோவின் குமிழைத் தொடுவார், வேறு யாரையும் தொடவிட மாட்டார். திருப்பியதும் சத்தம் வந்துவிடாது, வால்வு சூடாக வேண்டும், பின்பக்க அட்டையின் ஓட்டைகள் வழியே செம்மஞ்சளாய் வெளிச்சம் சுவரில் புள்ளி புள்ளியாக விழும், பிறகு தூசி வேகிற வாசனை எழும், அதற்கும் பிறகுதான் கரகரப்புக்கு நடுவே இலங்கை வானொலி, அதுவும் சுவருக்குச் சுவர் கட்டியிருந்த செப்பு வலை ஏரியலில் மழைக்காலத்தில் பாட்டி ஈரத் துண்டைக் காயப்போடாமல் இருந்தால்.

வருஷம் ஒருமுறை தாத்தா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போவார், வீட்டில் ரேடியோ வைத்திருக்க அப்போது லைசென்ஸ் வேண்டும், எண்பதுகளில்தான் அதை எடுத்தார்கள், புதுப்பித்த புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தலையணைக்கடியில் வைப்பார். நம்ம காசு போட்டு வாங்கின ரேடியோவுக்கு எதுக்கு தாத்தா சர்க்காருக்குக் கட்டணும் என்று நான் கேட்டபோது, ஏலே, பொட்டி நம்மது, சத்தம் அவனதுல்லா என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். ஆனால் வால்வு ஒன்று போய்விட்டால், யாரையும் கேட்காமல் அட்டையைக் கழற்றி, போன வால்வை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு லாமிங்டன் ரோட்டுக்குப் போய், அதே மாதிரி இன்னொன்று வாங்கிவந்து தன் கையாலேயே சொருகுவார். 1971-இல் மாடு அறுக்கும் கூடம் பாந்த்ராவிலிருந்து தேவ்னாருக்குப் போனது, தாராவியின் தோல் ஷெட்டுகளும் பின்னால் ஒவ்வொன்றாகக் குறைந்தன, தாத்தாவின் கை வாசனை மட்டும் அவரோடு கடைசிவரை இருந்தது.

அப்பாவுக்கு மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, பாதைக்குக் கிழக்கே வாடகை அறை, காலையில் காப்பிக்கொட்டை வறுக்கிற புகையும் கோயில் வாசல் பூக்கடைகளின் ஈர வாசனையும் கலந்து மாடிப்படி ஏறி வரும். எங்கள் கட்டிடத்துக்கே ஒரு டெலிபோன், கீழ்வீட்டுப் பாலக்காட்டு மாமாவிடம், ஊருக்கு எழுதுகிற கடிதங்களில் பி.பி. என்று போட்டு அப்பா அந்த நம்பரைத்தான் எழுதுவார். கறுத்த கனமான கருவி, அதன் மேல் குரோஷா பின்னிய துணி, எண் வட்டில் ஒரு சின்னப் பூட்டு, பக்கத்தில் நூலில் கட்டிய பென்சிலோடு ஒரு நோட்டு, யார் எப்போது எந்த ஊருக்குப் பேசினார்கள் என்று மாமா தன் மணிமணியான கையெழுத்தில் எழுதிவைப்பார், பூட்டு இருந்தால் என்ன, தாங்கியைக் கணக்காகத் தட்டித் தட்டியே நம்பர் போடும் வித்தை எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு ராத்திரி வரை அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்போம், லைட்னிங் கால் என்றால் எட்டு மடங்கு காசு, சாவு விழுந்தால்தான் அது. நாங்கள் பேசி முடித்துப் படியேறியதும் டெட்டால் தொட்ட பஞ்சால் வாய்ப்பக்கத்தைத் துடைப்பார் மாமா, எல்லோருக்கும் அப்படித்தானா எங்களுக்கு மட்டுமா என்று அப்பா ஒருநாளும் விசாரிக்கவில்லை. அவ்வளவு காபந்து பண்ணிய கருவியும் அவருடையது அல்ல, டெலிபோன் இலாகா வாடகைக்குக் கொடுத்திருந்த சொத்து, கூடத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றவே விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருந்தார்.

அதனால்தான், 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட பிறகு நான் லாமிங்டன் ரோட்டில் போய் டயல்-அப் மோடம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்தது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது, கடைக்காரன் சால்டரிங் வைத்த இடத்திலிருந்து குங்கிலியம் கருகுகிற புகை வந்துகொண்டிருந்தது, எந்தக் கம்பெனி மோடமானாலும் சரி, டெலிபோன் கம்பியில் சொருகினால் கீச்சென்று அலறிவிட்டு வேலை செய்யும், நீ யார், உன் பெயர் என்ன என்று கம்பி கேட்காது. அமெரிக்காவில் 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் வந்த தீர்ப்புதான் சொந்தக் கருவியை டெலிபோன் லைனில் மாட்டும் உரிமையைக் கொடுத்தது என்று பிற்பாடு படித்தேன், நமக்கு அது சத்தமில்லாமல் கடைத்தெரு வழியாக வந்து சேர்ந்தது.

ஃபைபர் கேட்கிறது. தெருமுனை டப்பாவில் ஓர் இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கிறார்கள், 1490 நானோமீட்டரில் வருகிற ஒளி எல்லா வீட்டுக்கும் பொது, நம்மிடமிருந்து 1310-இல் போகிற ஒளி மட்டும் அவரவர் முறை வரும்போதுதான் கிளம்ப வேண்டும், முறை தப்பி ஒரு பெட்டி ஒளியைக் கக்கினால் அந்த இழையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் லைன் கெடும், ஆகவே ஒவ்வொரு பெட்டியின் சீரியல் நம்பரையும் ஆபீசில் ஏற்றிவைத்து, ஏற்றாத பெட்டியை உள்ளே விடமாட்டார்கள். நியாயம்தான், ஆனாலும் ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் வாடிக்கையாளர் தன் விருப்பப்படி கருவி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே போட்டார்கள், கம்பெனி தர வேண்டிய தகவலைத் தந்தே ஆக வேண்டும். இங்கே சட்டத்தின் இடத்தில் ஒரு பையன் இருக்கிறான், கம்பெனி அனுப்புகிற பையன், தாராவி கிராஸ் ரோட்டுக்காரன், தமிழ் பேசுவான்.

வெளியே வாங்கினா ஏத்தித் தருவாங்களா தம்பி என்றேன், சிலர் தருவாங்க, சிலர் தரமாட்டாங்க அங்கிள், நம்மாளுங்க தரமாட்டாங்க என்றான். அப்படித் தருகிற கம்பெனியாக இருந்தாலும் முதலில் லைன் எந்த வகை, ஜிபானா இபானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், இரண்டுக்கும் பேசுகிற எக்ஸ்பான் பெட்டி என்றால் கவலை குறைவு, இழையின் முனை பச்சையா நீலமா என்று பார்க்க வேண்டும், பச்சை 8 டிகிரி சாய்வாகச் சீவியது, நீலத்தோடு சேர்த்தால் ஒளி பாதி வழியில் சிதறும், மலிவுப் பெட்டிகளில் 100 மெகாபிட் போர்ட்தான் இருக்கும், 200-க்குக் காசு கட்டிவிட்டு அதில் கேபிளைச் சொருகினால் பாதிகூட வராது, வீட்டு டெலிபோனும் அதே இழையில் வந்தால் அதற்கான துளை புதுப் பெட்டியில் வேண்டும், அப்போதும் குரல் வராமல் போகலாம். இதையெல்லாம் அவன் மீட்டரைச் சொருகிப் பார்த்துக்கொண்டே சொன்னான், மைனஸ் இருபத்தொண்ணு வருது, நல்ல பவர், மைனஸ் இருபத்தேழு தாண்டினாத்தான் தகராறு, உங்க பெட்டில குத்தமில்ல அங்கிள், உங்க சுவர்தான் குத்தம்.

அப்போதுதான் தாத்தா சொன்னதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றியது, இங்கே பெட்டியும் அவனது, ஒளியும் அவனது, என்னுடையது எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பதுதான் கேள்வி, தாத்தா அந்தக் கோட்டைச் சண்டையில்லாமல் போட்டுக்கொண்டவர், கட்ட வேண்டியதைக் கட்டினார், அட்டைக்குள்ளே யாரையும் அண்டவிடவில்லை. பிரிட்ஜ் மோடு போட்டுத் தருவியா என்று கேட்டேன், கம்பெனிப் பெட்டி ஒளியை வாங்கிக் கேபிளில் தள்ளுவதோடு நின்றுவிடும், யூசர்நேமும் பாஸ்வேர்டும் என் ரவுட்டரில் இருக்கும், வைஃபை என் பொறுப்பு. யாரிடமோ போன் போட்டு மராத்தியில் கெஞ்சினான், ரவுட்டரில் போட வேண்டிய வி-லான் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தான், நான் அதை யூசர்நேமோடு ஒரு நோட்டில் ஏற்றினேன், பாலக்காட்டு மாமாவின் கையெழுத்து எனக்கு வரவில்லை.

லாமிங்டன் ரோட்டில் இப்போது குங்கிலியப் புகை குறைவு, பழுது பார்க்கிறவனும் போன் கவர் விற்கிறான், ரவுட்டரை எடுத்துக் கையில் கனம் பார்க்க விடுவதில்லை, டப்பாவைத்தான் காட்டுகிறார்கள், அதில் அதிகாரமாக எழுதியிருக்கிற வேகத்தை வாழ்நாளில் எவனும் கண்டிருக்கமாட்டான். வாங்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தேன், படுக்கையறைக்கு எட்டுகிறது, வைஃபை வேலை போன பிறகு கம்பெனிப் பெட்டியின் சூடும் தணிந்தது, மகன் ஒன்றும் சொல்லவில்லை, நன்றாக இருக்கிற எதைப் பற்றியும் அவன் ஒன்றும் சொல்வதில்லை.

மழை தொடங்கிய பிறகு பக்கத்து வீட்டு இழையை எலி கடித்ததற்காக வந்த பையன் என்னையும் எட்டிப் பார்த்தான், டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே, தாராவிய இடிச்சுக் கட்டறதுக்குன்னு எங்க வீட்டுக்கும் சர்வேக்காரங்க வந்து கதவுல நம்பர் எழுதிட்டுப் போயிட்டாங்க அங்கிள், எப்ப இடிப்பான், எங்க குடுப்பான் ஒண்ணும் தெரியல, சுவத்துல ஆணி அடிக்காம சும்மா வெச்சுக்கிற மாதிரி இதே ரவுட்டர் என்ன விலை என்றான். லாமிங்டன் ரோட்டில் பில் போட்டால் ஒரு விலை, பில் இல்லாவிட்டால் ஒரு விலை, நீ பில்லோடயே வாங்கு, எங்க போனாலும் கையோட எடுத்துக்கிட்டுப் போகலாம் என்றேன்.