இருநூறு வயலுக்கும் ஒரே மழை

திருச்சுழி, நரிக்குடி பக்கம் மானாவாரி வெள்ளாமை பார்த்தவர்களுக்குப் பீட்டா என்ற சொல் தெரியாமல் இருக்கலாம், சங்கதி தெரியும். மழை நன்றாகப் பெய்தால் மிளகாய் அள்ளிக் கொடுக்கும். ஐப்பசி பொய்த்தால் விதைக்காசும் போகும். கம்பு அவ்வளவு ஆடாது. சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவருக்கு மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன! மழை ஏறி இறங்கும்போது ஒரு வெள்ளாமை எத்தனை மடங்கு ஏறி இறங்குகிறதோ, அதுதான் பீட்டா. மழைக்குப் பதில் நிஃப்டி, மிளகாய்க்குப் பதில் ஒரு கம்பெனிப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். மச்சான் அருப்புக்கோட்டையில் நூல் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. அவருடைய பி.எஃப். பணம் முழுவதையும் பீட்டா அதிகமுள்ள பங்குகளில் போட வேண்டும் என்று பொங்கலுக்கு வந்த பையன் லேப்டாப்பைத் திறந்தான். பத்து வருடக் கணக்கு, 200 கம்பெனி. பீட்டா கூடக் கூட லாபமும் கூடுகிறது. கோடு மேலே போகிறது.

“200 புள்ளி இருக்கு மாமா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். சாட்சி என்றதும் காது கூர்மையாகிவிட்டது. 200 வயலும் நனைந்தது ஒரே மழையில். நல்ல மழைப் பத்தாண்டு என்றால் மிளகாய்க்காரர் எல்லோரும்தான் சம்பாதித்திருப்பார்கள். அது 200 சாட்சி ஆகுமா?

1973-ல் யூஜின் ஃபாமா, ஜேம்ஸ் மெக்பெத் என்ற இருவர் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். இரண்டு படி. முதலில் ஒவ்வொரு பங்குக்கும் பீட்டா. பிறகு ஒவ்வொரு மாதமும் தனியாக, அந்த மாத லாபத்தைப் பீட்டாவின் மேல் வைத்து ஒரு கோடு. 120 மாதம் என்றால் 120 கோடு, 120 சரிவு. சாட்சி சொல்வது மாதம், கம்பெனி அல்ல. தனிப் பங்கின் பீட்டாவில் பிழை அதிகம் என்று பங்குகளை 20 கூட்டமாகக் கட்டித்தான் அவர்கள் பார்த்தார்கள்.

பீட்டாவும் மாறும். போர்வெல் போட்டவனுக்கு இருபது வருடம் முந்தைய மழைக்கணக்கு எதற்கு? அதனால் கடைசி 60 மாதத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, மாதம் ஒன்று நகர நகர அந்தச் சன்னலையும் நகர்த்த வேண்டும்.

ஆர் மென்பொருளில் (இலவசம், என்னைப் போன்றவர்களுக்கு உகந்தது) ஸூ தொகுப்பில் ‘ரோல்அப்ளை’ என்று ஒரு கட்டளை உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது சன்னலை நடுவில் வைக்கும்; அதாவது வரப்போகிற இரண்டரை வருடத்தையும் எட்டிப் பார்த்துவிடும். வலப்பக்கம் வைக்கச் சொன்னாலும் நடப்பு மாதம் உள்ளே வந்துவிடும். கிடைத்த பீட்டாவை ஒரு மாதம் தள்ளி வைத்தால்தான் நியாயம். ஜோசியருக்கும் நமக்கும் அந்த ஒரு மாதம்தான் வித்தியாசம்.

அப்படி ஓட்டியதும் சரிவுகள் ஊஞ்சலாடின. சந்தை ஏறிய மாதம் மேலே, இறங்கிய மாதம் கீழே. 2020 மார்ச் கொரோனா வீழ்ச்சியைச் சொல்லவே வேண்டாம்.

பையனுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். சரிவின் சராசரி மாதம் அரை சதவீதம், அது ஆடும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 6 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். 6-ஐ 120-ன் வர்க்கமூலமான 10.95-ஆல் வகுத்தால் 0.55. அரையை அதனால் வகுத்தால் 0.91. வழக்கமாக நாம் கேட்பது 2. அதை எட்ட 576 மாதம், அதாவது 48 வருடம் வேண்டும்.

“அப்ப அப்பாவுக்கு 109 வயசாகுமே மாமா” என்றான். அதுவரை பேசாமல் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த மச்சான் சிரித்துவிட்டார்.

1973 கட்டுரை பீட்டாவுக்குச் சாதகமாகத்தான் முடிந்தது. ஆனால் அதே ஃபாமா 1992-ல் கென்னத் ஃபிரெஞ்சுடன் சேர்ந்து 1963 முதல் 1990 வரையிலான அமெரிக்கக் கணக்கைப் பார்த்தபோது கோடு ஏறக்குறையப் படுத்துவிட்டது. 2013-ல் நோபல் பரிசு வாங்கியவருக்கே இந்த நிலை!

பணத்தின் பெரும்பகுதி தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போனது. சிறு பங்கு பையன் கையில். அவனுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறேன். அவன் எடுத்த 200-ம் இன்றைக்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகள். நடுவில் நொடித்து, பட்டியலிலிருந்தே காணாமல் போனவை அதில் இல்லை. அவற்றின் பழைய விலைகளைத் தேடிச் சேர்த்து மறுபடி ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.